தூக்கு மூடியில் ஓட்டைகள்

எங்கள் வீட்டுச் சமையலறை மேல்தட்டில் ஓர் எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. கைப்பிடி ஒரு பக்கம் கொஞ்சம் வளைந்தது. அடியில் அப்பாவின் பெயரின் முதல் எழுத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும், பாத்திரக் கடையில் வாங்கும்போதே குத்திக் கொடுத்தது. இதெல்லாம் எல்லார் வீட்டுத் தூக்கிலும் உள்ளதுதான். எங்கள் தூக்கின் விசேஷம் மூடியில் இருக்கிறது. மூடி முழுக்க வட்டமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டியவை அல்ல. டிரில்லிங் மிஷினால் போட்டு, பிசிறு கையைக் குத்தாதபடி அரத்தால் ராவி விட்ட ஓட்டைகள். தொழில் தெரிந்த கை போட்டது என்று பார்த்தவுடன் தெரியும். அம்மா முதன்முதலில் அதைப் பார்த்த அன்று, “நல்ல மூடியை இப்படிப் பாழ் பண்ணி வச்சிருக்கீங்களே, இன்னாத்துக்கு?” என்று சண்டைக்கு நின்றாள். “ஆவி போவணும்ல. மூடி வச்சா சாதம் வேர்த்துக்குது” என்றார் நைனா. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அப்போது அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. தூக்கில் சாதம் எடுத்துக்கொண்டு போகிற இடம் எதுவும் அவருக்கு இல்லை. அம்மா அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவரவர் கவலை அவரவருக்கு.

நைனா லிஃப்ட் மெக்கானிக். தேனாம்பேட்டையிலும் அதைச் சுற்றியும் அண்ணா சாலையில் நிற்கிற அலுவலகக் கட்டடங்கள் பலவற்றின் லிஃப்ட்டுகள் அவர் கைப்பட்டவை. ஆயுத பூஜை வந்தால் அந்தக் கட்டடங்களில் லிஃப்ட் கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். நைனா ஓரமாக நின்று பொரியை வாங்கி மென்றுகொண்டே, “பூசணிக்கா சுத்துனா லிஃப்ட் ஏறாது சார். கயித்துக்கு கிரீஸ் போட்டா ஏறும்” என்று முதலாளியிடமே சொல்லுவார். சொல்லிவிட்டு கிரீஸும் போடுவார் என்பதால் யாரும் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை. சாமி இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அதற்காக அவர் கூட்டம் போட்டுப் பேசுகிறவர் அல்லர். அம்மா செவ்வாயும் வெள்ளியும் கோயிலுக்குப் போகும்போது கூடவே போவார், வாசலோடு நின்றுவிடுவார். கேட்டால், “நான் செருப்புக்குக் காவல்” என்பார். கல்யாணமான நாளிலிருந்து மயிலாப்பூரில் அம்மாவின் செருப்பு ஒரு தடவைகூடத் தொலைந்ததில்லை. எதற்கும் அவர் சொல்கிற ஒரே வாக்கியம், “நின்னுச்சுன்னா காரணம் கீது. அதைத் தேடு” என்பதுதான். லிஃப்டுக்காகச் சொல்ல ஆரம்பித்தது, பிறகு மிக்ஸி, கடிகாரம், என் கணக்குப் பாடம், பக்கத்து வீட்டுக் கல்யாணம் என எது நின்றாலும் அதையே சொன்னார்.

விலங்கியல் படித்து முடித்து மீன்களின் மரபணுவில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன் என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மீனுல ஆராய்ச்சி பண்ண இன்னாம்மா கீது? முள்ளு கீது, சதை கீது” என்றார். நான் எடுத்துக்கொண்டது ஜிலேபி கெண்டை என்று சொன்னபோது இன்னும் மோசம். ஐந்நட்சத்திர ஓட்டலில் போய் ரசம் சாதம் கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். சென்னையில் ஜிலேபி மீனுக்கு மரியாதை கிடையாது. குளம், குட்டை, ஏரி, அடையாறு, எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கே அது இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து யாரோ ஒரு காலத்தில் கொண்டுவந்து விட்டது. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். அதனால் எந்தச் சாக்கடையிலும் பெருகும். அலட்சியப்படுத்தப்பட்ட அந்த மீனிடம் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. எங்கள் பகுதிக் கோயில் குளம் ஒன்றில் இருக்கும் ஜிலேபி என் உள்ளங்கையை மீறி வளர்வதில்லை. அந்த அளவிலேயே தாயாகி வாயில் குஞ்சு சுமக்கிறது. அதே மீன் கோட்டூர்புரம் பாலத்தடியில் ஆற்றில் இரண்டு கை சேர்த்துப் பிடிக்கிற அளவு வளர்கிறது. ஆறு கடலைத் தொடும் இடத்தில் உப்புத் தண்ணீரிலும் அசராமல் திரிகிறது. ஒரே இனம், ஒரே ஊர். பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்விடுகிற தூரம். பின்னே ஏன் இந்த வேறுபாடு? பிறவியிலேயே வேறா, அல்லது வாழ்கிற இடம் இப்படி ஆக்கிவிட்டதா?

இதை நைனாவுக்குப் புரியவைக்க அவருடைய லிஃப்ட்டையே கடன் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அலுவலகக் கட்டடங்களில் லிஃப்ட் சில மாடிகளில் நிற்காது. பட்டன் இருக்கும், அமுக்கினால் விளக்கு எரியாது. காவல்காரர் சாவியைத் திருப்பிப் பூட்டியிருப்பார். திங்கட்கிழமை மறுபடி திறப்பார். மாடியை யாரும் இடிக்கவில்லை, புதிதாகக் கட்டவுமில்லை. மரபணுத் தொகுதி என்பது அந்தக் கட்டடம் என்றேன். தலைமுறை தலைமுறையாகக் கட்டடத்திலேயே சின்னச் சின்ன வேறுபாடு வந்தால் அது ஒரு வகை. கட்டடம் அப்படியே இருக்க, எந்த மாடி திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்பதில் வரும் வேறுபாடு இன்னொரு வகை. அந்தப் பூட்டு என்பது டி.என்.ஏ.வின் மேல் ஆங்காங்கே ஒட்டிக்கொள்ளும் மீத்தைல் என்ற சின்ன வேதிக்குறி. இரண்டாவது வகையைப் படிப்பதற்குத்தான் எபிஜெனடிக்ஸ் என்று பெயர். நைனா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். “சாவி யாராண்ட கீது?” தண்ணீரிடம், உப்பிடம், பசியிடம், இடநெருக்கடியிடம், பயத்திடம் இருக்கலாம், அதைத்தான் தேடுகிறேன் என்றேன். இன்னொன்றும் கேட்டார். “அப்பன் காலத்துல பூட்டுன மாடி, புள்ளை காலத்துலயும் பூட்டியே கெடக்குமா?” ஆராய்ச்சிக் கூட்டங்களில் பெரிய பெரியவர்கள் மோதிக்கொள்கிற கேள்வி அது. தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். மீன்களில் சில குறிகள் குஞ்சுக்கும் போவதாகத் தோன்றுகிறது, எவை, எவ்வளவு தூரம் என்பது இன்றைக்கும் தீரவில்லை. அன்றிலிருந்து ஜிலேபியைப் பற்றி அவர் கிண்டல் பண்ணவில்லை.

எனக்கு வழிகாட்டியாக இருந்தவரை ஆய்வகத்தில் எல்லாரும் மேடம் என்போம். மயிலாப்பூர் மாட வீதி ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் குங்குமம் காயும் முன்பே அடையாறில் இருக்கும் ஆய்வகத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். சாமியிடம் எவ்வளவு பக்தியோ அவ்வளவு சந்தேகம் எங்களிடம். குளத்தில் மீனைக் கொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்திருந்தது. வலையில் பிடித்து, வால் துடுப்பின் நுனியில் நகம் வெட்டுகிற மாதிரி துளி வெட்டி எடுத்துக்கொண்டு, மறுபடி தண்ணீரில் விட்டுவிடுவோம். அந்தத் துளி ஆல்கஹாலில் ஊறியபடி குழாயில் இருக்கும். அதிலிருந்து கட்டடத்தையும் படிக்கலாம், பூட்டுகளையும் படிக்கலாம். முதல் வருடம் கிடைத்த முடிவு அழகாக இருந்தது. குளத்து மீன்கள் ஆற்று மீன்களிலிருந்து மரபணுவிலேயே சற்று விலகி, தனிக் குடும்பமாக நின்றன. எப்போதோ குளத்துக்குள் வந்த சில மீன்களே பெருகி, வெளியார் கலக்காமல் உள்ளுக்குள்ளேயே கொண்டு கொடுத்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று எழுதினேன். மேடம் பாராட்டவில்லை, ஆனால் திட்டவும் இல்லை. அவரிடம் அதுதான் பாராட்டு.

அப்புறம் ஆராய்ச்சி நின்றது. கருவி பழுதானது, கட்டுரை திரும்பி வந்தது, மறுபடி அனுப்பினேன், மறுபடி திரும்பியது. கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். சிலர் குழந்தையோடு வந்து ஆய்வகத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள். நான் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சோறு தட்டில் காயும்வரை உட்கார்ந்திருப்பேன். எப்படியோ தேறி, குளத்தில் இரண்டாவது சுற்று மீன் பிடித்து, மாதிரிகளைப் படிக்க வெளியூருக்கு அனுப்பினோம். முடிவு வந்த அன்று, கோப்பு மாறி வந்துவிட்டதோ என்று பெயரை மறுபடி மறுபடி சரிபார்த்தேன். குளத்து மீன்களில் பல, குளத்துக் குடும்பத்திலும் சேரவில்லை, ஆற்றுக் குடும்பத்திலும் சேரவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பண்ணை மீன்களின் துடுப்பும் எங்களிடம் இருந்தது. சந்தையில் விற்க வேகமாக வளரும்படி வம்சம் வம்சமாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் ஜிலேபி அது. என் குளத்து மீன்களில் பல போய் அந்தப் பண்ணைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தன. வேலியும் பூட்டும் போட்ட கோயில் குளத்துக்குள் பண்ணை மீன் எப்படி வரும்? மேடத்துக்குச் சந்தேகமே இல்லை. பண்ணைக் குழாய்களும் குளத்துக் குழாய்களும் ஒரே உறைபெட்டியில், ஒரே தட்டில் இருந்தவை. “கலந்துடுத்துன்னு ஒத்துண்டுடு. ஒத்துண்டா மேல என்ன பண்றதுன்னு யோசிக்கலாம். ஒத்துக்காம அடம் பிடிச்சிண்டு இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார். மிச்சமிருந்த துடுப்புத் துளிகளை எடுத்து மறுபடி செய்தேன். அதே முடிவுதான். துடுப்பே மாறியிருந்தால் எத்தனை தடவை செய்தும் அதேதானே வரும் என்றார் மேடம். குளத்தில் மறுபடி இறங்க அனுமதி கேட்டு எழுதிப் போட்டோம், பதில் வரவில்லை. எனக்குக் கிடைத்திருந்த கடைசி நீட்டிப்பும் முடியப்போகிறது. நான் கலக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கலக்கவில்லை என்றால் இந்த முடிவுக்கு வேறு காரணம் என்ன என்பது மட்டும் தெரியவில்லை.

அன்று சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். படிப்பு போய்விடும், இத்தனை வருடமும் போய்விடும் என்று அழுதேன். அம்மா வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் புடவை சாத்துகிறேன் என்று அங்கேயே வேண்டிக்கொண்டாள். இப்படி ஏதாவது சொன்னால் நைனா சும்மா விட மாட்டார். புடவை சாத்துனா மீனு மாறிடுமா என்று ஆரம்பித்துவிடுவார். அன்று வாயைத் திறக்கவில்லை. “குளத்துல பண்ணை மீன் எப்படி நைனா வரும்? பறந்தா வரும்?” என்று நான் அவரைப் பார்த்தே கேட்டேன். காரணத்தைத் தேடு என்று அவர் சொல்வார், அதை வைத்துச் சண்டை போடலாம் என்றுதான் கேட்டேன். அவர் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம் சாப்பிடாமலேயே கை கழுவிவிட்டார்.

மறுநாள் காலை ஆய்வகத்தின் வாசலில் நைனா நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் இந்தத் தூக்கு. நான் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டு வந்ததால் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். மேடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மேடம் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை, தூக்கை மேசையின் மேல் வைத்தார். “மேடம், என் பொண்ணு மேல தப்பு இல்ல. அந்த மீனு வுட்டது நானு” என்றார். மேடம் என்னைப் பார்த்தார், நான் நைனாவைப் பார்த்தேன், நைனா மின்விசிறியைப் பார்த்தார். எதற்கு விட்டீர்கள் என்று மேடம் கேட்டார். “செவ்வாக்கெயமையில கோயில் கொளத்துல உயிர் மீனு வுட்டா தடங்கல் போவும்னு டீக்கடையில ஒருத்தர் சொன்னாரு. இவ படிப்பு நின்னுபோச்சு, சோறுகூட துன்னாம உக்காந்துக்கினே இருந்துச்சு. அதான்” என்றார். காலையில் குளத்துக் கதவைத் திறந்ததும் தூக்கோடு உள்ளே போய், கடைசிப் படியில் உட்கார்ந்து விட்டுவிட்டு வந்துவிடுவாராம். வழியில் மீன் செத்துவிடக் கூடாதே என்று மூடியில் ஓட்டை போட்டிருக்கிறார். மேடத்துக்கு நைனாவின் கொள்கையெல்லாம் தெரியும், நான்தான் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். “நீங்க சாமி கும்பிட மாட்டேள்னு இவ சொல்லுவாளே” என்றார். நைனா நிமிர்ந்து, “கும்புடல மேடம். மீனு மட்டும்தான் வுட்டேன்” என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்க என்ன இருக்கிறது. ஊரில் இத்தனை குளம் இருக்க, பெற்ற மகள் ஆராய்ச்சி செய்கிற குளத்திலா கொண்டுபோய் விடுவார் ஒரு மனிதர்? எந்தப் பகையாளிக்கும் தோன்றாத வேலை. அப்புறம் யோசித்துப் பார்த்தால் அதுதான் அவருக்கு நியாயம். என் படிப்பு நின்ற இடம் அந்தக் குளம். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறதோ அந்த மாடிக்குத்தானே மெக்கானிக் போவார். கோபம் எங்கேயோ போய், அவர் இஸ்திரி போட்டுக்கொண்டு வந்த அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொந்தப் பெண்டாட்டியிடம்கூட ஒப்புக்கொள்ளாத காரியத்தை ஒரு பேராசிரியர் முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் சிரிப்பார் என்று பயந்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டார். குரலே மாறியிருந்தது. “எங்க வாங்கினேள்? எப்பலேருந்து விட்டுண்டு இருக்கேள்?” என்று கேட்டார். என்னைப் பார்த்து, “ஏண்டி நின்னுண்டு இருக்கே? இவர் விட்ட மீனும் கடையில இருக்கற மீனும் ஒரே பண்ணைன்னா, கட்டடம் ஒண்ணு. ஒண்ணு குளத்துல இருந்திருக்கு, ஒண்ணு இல்லே. பூட்டு மாறியிருக்கான்னு பார்க்க வேண்டாமா?” என்றார்.

அன்று மாலையே நானும் நைனாவும் சைதாப்பேட்டையில் உயிர் மீன் விற்கிறவரிடம் போனோம். நீல பீப்பாய்களில் காற்றுக்குழாய் கொப்பளிக்க, ஜிலேபிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டுகொண்டிருந்தன. நைனாவைப் பார்த்ததும் கடைக்காரருக்கு முகமெல்லாம் பல். “இன்னா சார், ஆளையே காணோம்? துள்ளிக்கினு கீது பாரு, எடுத்துக்கோ” என்றார். பிறகு என்னிடம், “இந்த சாரு மட்டும் மீனை வெட்டவே வுடாதும்மா. சின்னதா பார்த்துப் பொறுக்கி, உயிரோடவே வாங்கிக்கினு பூடும். வூட்டுல போய் இன்னாதான் பண்ணுதோ” என்றார். நைனா பீப்பாயைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அந்த மீன்களின் துடுப்பு நுனியையும் எடுத்தோம். நைனா விட்டதாகச் சொன்னதும் குளத்தில் எனக்குக் கிடைத்ததும் ஒரே குடும்பம் என்று உறுதியானது. எங்களிடம் முன்பே இருந்த பண்ணைத் துடுப்புகள் வேறொரு பண்ணையின் வம்சம், நுணுக்கிப் பார்த்தால் சற்றுத் தள்ளியே நின்றன. குழாய் கலக்கவில்லை. மேடம் அதைப் படித்துவிட்டு, “சரி” என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்து அந்த ஒரு சொல்லைக் கேட்க நான் அத்தனை நாளும் தூங்காமல் இருந்தேன்.

அதன் பிறகு தெரியவந்ததுதான் ஆச்சரியம். பண்ணையில் பிறந்து, நைனாவின் தூக்கில் பயணம் செய்து, குளத்தில் போய் வாழ்ந்த அந்த மீன்களின் மரபணு மாறவில்லை, அது எப்படி மாறும்? ஆனால் பூட்டுகள் மாறியிருந்தன. வளர்ச்சி, இனப்பெருக்கம், நெருக்கடி இவற்றோடு தொடர்புள்ள பல இடங்களில் அவற்றின் குறிகள் பீப்பாயில் இருந்த தங்கள் உறவுக்காரர்களை விட்டு விலகி, குளத்தில் பரம்பரையாக இருக்கும் மீன்களின் பக்கம் சாய்ந்திருந்தன. சந்தைக்காகக் கொழுகொழுவென்று வளர வேண்டியவை, சிறியதாகவே நின்று, சீக்கிரம் தாயாகக் கற்றுக்கொண்டிருந்தன. எல்லாப் பூட்டும் அப்படி மாறிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில இடங்களில் குளம் என்ன செய்தும் பண்ணைக் குறி அசையவே இல்லை. ஏன் அவை மட்டும் அசையவில்லை என்பதை இன்னும் துருவிக்கொண்டிருக்கிறேன். மேடம் இந்த முடிவையும் உடனே நம்பவில்லை. சிமெண்டுத் தொட்டிகளில் பண்ணைக் குஞ்சுகளை நெருக்கமாக வளர்த்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். போடும்போது, “உங்கப்பா வேண்டிண்டது பலிச்சுடுத்துன்னு சொல்லு” என்றார்.

நைனா இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. “வேண்டிக்கினதுலாம் இல்லம்மா. ஒரு டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். வுட்டா இன்னா ஆவுதுன்னு” என்பார். நின்றதும் உங்களால், நடந்ததும் உங்களால், இதில் டெஸ்ட் பாஸா ஃபெயிலா என்று கேட்டால், பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். ஆய்வேட்டின் நன்றியுரையில், குளத்துக்கு மீன் கொடுத்த தந்தைக்கு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிடச் சொன்னார். “உங்கம்மா யாரையாவது வுட்டுப் படிக்கச் சொல்லுவா. அப்புறம் நான் இந்த வூட்டுல இருக்க முடியாது” என்றார். நிஜமாகவே பயந்தார். அந்த வரியை எடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் அவரிடம் நான் கேட்கவே இல்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து மூடியைத் திறக்கும்போது என்ன நினைத்துக்கொண்டார்? வாய்க்குள் ஏதாவது சொன்னாரா, யாரிடம் சொன்னார்? அவர் இருக்கும்வரை கேட்டிருக்கலாம். மின்விசிறியைப் பார்ப்பார் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

அவர் போன பிறகு, காரியமெல்லாம் முடிந்து வீடு ஓய்ந்த ஒரு நாளில், அம்மா பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தூக்கு கைக்கு வந்ததும், “ஆவி போவணுமாம் ஆவி” என்று அழ ஆரம்பித்தாள். அப்போது சொல்லிவிட்டேன், டீக்கடையிலிருந்து கடைசிப் படி வரைக்கும். அம்மா மூடியின் ஓட்டைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு முகம். “கொளத்து வரைக்கும் வந்தவரு, அப்படியே உள்ள வந்திருக்கலாம்ல” என்றாள். அப்புறம், “என்னையும் இட்டுக்கினு போயிருக்கலாம்” என்றாள்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் சொல்கிறேன். மழை முடிந்து குளம் நிறைந்ததும் அனுமதி வாங்கிக்கொண்டு மாணவிகளோடு போய்த் துடுப்பு நுனி எடுப்பதை விடவில்லை. நைனா விட்ட மீன்கள் எதுவும் இப்போது உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. ஆனால் குளத்துக் குஞ்சுகளில் பண்ணை மரபணு கலந்து ஓடுகிறது, பரம்பரை மீன்களோடு அவை கொண்டு கொடுத்துவிட்டன. பழைய குளத்துக் குடும்பம் என்று நான் எழுதியது இனி சுத்தமாகக் கிடைக்காது. அது ஓர் இழப்புதான், அப்பா என்பதற்காக அதை இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் கெஞ்சிக் கூத்தாடி, குளத்தில் மீன் விட வேண்டாம் என்று கதவருகே ஒரு பலகை வைக்கச் செய்தேன். பலகையின் வாசகம் நான் எழுதியது. துடுப்பு மாதிரிகளை எடுத்துவர ஆய்வகத்தில் நல்ல நல்ல பெட்டிகள் இருக்கின்றன. இருந்தாலும் அன்றைக்கு மட்டும் இந்தத் தூக்கு மேல்தட்டிலிருந்து இறங்கி என்னோடு வரும்.

போன முறை நாங்கள் படியில் வேலையாக இருந்தபோது ஒருவர் பலகையைத் தாண்டி இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை, பைக்குள் கொஞ்சம் தண்ணீரில் இரண்டு ஜிலேபிகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. எங்களைக் கண்டதும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மாணவிகள் என்னைப் பார்த்தார்கள். இப்படி ஒருவர் அகப்பட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு முழுப் பிரசங்கம் உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். வகுப்பில் பல முறை கேட்டிருக்கிறார்கள். “எங்க வாங்கினீங்க?” என்று கேட்டேன். மேடம் கேட்ட அதே கேள்வி, அதே குரலில்கூட வந்தது. “சைதாப்பேட்டைலம்மா. இங்க வுடக் கூடாதுன்னு தெரியாது. பொண்ணு திருப்பியும் பரீச்சை எழுதப் போவுது, சாப்பிடவே மாட்டேங்குது. அதான்” என்றார். பிரசங்கம் வரவில்லை. தூக்கில் குளத்துத் தண்ணீரை மொண்டு, பையை அவிழ்த்து, இரண்டையும் அதில் விட்டு மூடினேன். இதை நாங்கள் தொட்டியில் வளர்க்கிறோம், சாகாது, கவலைப்படாமல் போங்கள் என்றேன். அவர் போகவில்லை. “கொளத்துல வுடலையேம்மா. அப்ப வேண்டுதலு?” என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே, “பலிச்சிடும். இது ராசியான தூக்கு. பொண்ணு கட்டாயம் பாஸாயிடும்” என்றேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் படியேறிப் போனார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் தூக்கு என் மடியில் இருந்தது. பக்கத்தில் இருந்த மாணவிக்குத் தாங்கவில்லை. “மேடம், நீங்க இதையெல்லாம் நம்புவீங்களா?” என்று கேட்டாள். சேச்சே என்றேன். அவள் விடவில்லை. மூடியைப் பார்த்துவிட்டு, “இதுல ஏன் மேடம் இத்தனை ஓட்டை?” என்றாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. உள்ளே மீன் துள்ளி, ஓட்டைகள் வழியே தண்ணீர் தெறித்து என் புடவையை நனைத்தது. நான் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “ஆவி போவணும்ல. மூடி வச்சா சாதம் வேர்த்துக்குது.”